சேகரத்தில் ஊழியமும் புதுப்பித்தலும்: ஓராண்டைக் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) சேகரம், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரம், ஓராண்டை ஊழியத்துக்கும் புதுப்பித்தலுக்கும் என்று ஒதுக்கும்போது, சேகரக் கமிட்டியிலும் ஆலய வாசலிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அப்படிப்பட்ட ஓராண்டில் கமிட்டிச் செயலராக இருந்தபோது என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், நான் கொடுத்த அல்லது கொடுத்திருக்க வேண்டிய பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

புதுப்பித்தல் ஆண்டு என்றால் எழுப்புதல் கூட்டங்கள் நடத்தும் ஆண்டா?

கூட்டங்கள் நடக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் மூன்று நாள் கூட்டத்தில் மூண்ட அனல் நான்காம் வாரத்தில் எங்கே போகிறது என்பதைச் சபைப் பொறுப்பில் இருந்த எவரும் அறிவர். ஆங்கிலிக்கன் சேகரத்தின் கையில் வேறு நான்கு பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன: ஜெபப் புத்தகம் (ஆராதனை ஒழுங்குகளும் ஜெபங்களும் அடங்கிய நூல்), திருச்சபை நாட்காட்டி, ஞானஸ்நானப் பதிவேடு, வீடு சந்திப்பு. பெரும்பாலான சேகரங்களில் இந்த நான்கும் பெயரளவில் இருக்குமேயன்றிப் புழக்கத்தில் இரா. அவற்றை ஓராண்டு முழுவதும், அவை எதற்காக ஏற்பட்டனவோ அதற்காகவே பயன்படுத்திப் பார்ப்பதைத்தான் இங்கே புதுப்பித்தல் என்று சொல்கிறேன். புதிய திட்டம், புதிய பதாகை, புதிய குழு எதுவும் இதற்குத் தேவைப்படாது என்பது சிலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும்.

சேகரம் என்பது ஞாயிறன்று வருகிறவர்கள் மட்டும்தானா?

இல்லை. சேகரம் என்ற ஏற்பாடே நிலப்பரப்பையும் அதில் வாழும் மக்களையும் மனத்தில் வைத்து உருவானது. இங்கிலாந்தில் புதிய குருவானவரை ஒரு சேகரத்தில் அமர்த்தும் ஆராதனையில், ஆத்துமாக்களைப் பேணும் பொறுப்பைப் பேராயர் அவரிடம் ஒப்படைக்கும்போது, அது 'உம்முடையதும் என்னுடையதும்' என்று சொல்லியே ஒப்படைப்பார். அங்கே ஆத்துமாக்கள் என்பது எல்லைக்குள் வாழும் அனைவரையும் குறிக்கிறது. பரமேறுதல் திருநாளுக்கு முந்தைய மூன்று நாள்களில் மன்றாட்டு ஜெபங்களோடு சேகரத்தின் எல்லையைச் சுற்றி நடக்கும் பழைய வழக்கமும் இதை மறக்காமல் இருக்கத்தான் உதவியது. எல்லையை ஒருமுறையாவது கால்நடையாகச் சுற்றி வராத கமிட்டி, தான் யாருக்காக ஜெபிக்கிறோம் என்பதைக் காகிதத்தில் மட்டுமே அறிந்திருக்கும்.

ஆண்டை எப்போது தொடங்குவது? ஜனவரியிலா?

அட்வெந்தில், அதாவது திருவருகைக் காலத்தில் தொடங்குங்கள். திருச்சபை ஆண்டு பிறப்பது அப்போதுதான். அந்திரேயா திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் அட்வெந்து ஞாயிறு. எனவே அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். ஜனவரியில் தொடங்கினால் கிறிஸ்துமஸ் முடிந்த களைப்போடு தொடங்க நேரும். ஏப்ரலில், கணக்காண்டோடு சேர்த்துத் தொடங்கினால் எல்லாமே வரவுசெலவு நிறம் பெற்றுவிடும். நாட்காட்டி தன் வேகத்தில் நம்மை நடத்திச் செல்லட்டும்: அட்வெந்தில் காத்திருத்தல், எப்பிபானியில் (கிறிஸ்து வெளிப்பட்ட திருநாள்) வெளியே பார்த்தல், லெந்துவில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) கற்றலும் மனந்திரும்புதலும், ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் கொண்டாட்டம்.

சிக்கல் அதற்குப் பின்னால் வருகிறது. பெந்தெகொஸ்தேவுக்கு அடுத்த வாரம் வரும் திரித்துவ ஞாயிறுக்குப் பின் அடுத்த அட்வெந்து வரை, ஈஸ்டர் விழும் தேதியைப் பொறுத்து, 22 முதல் 27 ஞாயிறுகள் உள்ளன. கிட்டத்தட்ட அரையாண்டு. பெரிய பண்டிகைகள் அதிகம் இல்லை, ஆராதனை விரிப்பு பச்சை நிறத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான புதுப்பித்தல் முயற்சிகள் இந்தப் பச்சை ஞாயிறுகளில்தான் சத்தமின்றி மடிகின்றன. எங்கள் சேகரத்திலும் அதே கதைதான். ஒன்பதாம் ஞாயிறுக்குள் சந்திப்புக் குழுவில் பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் திட்டம் போடும்போது லெந்துவுக்கு ஒரு பங்கு யோசித்தால், திரித்துவ காலத்துக்கு மூன்று பங்கு யோசிக்க வேண்டும்.

முதல் வேலை என்ன?

பெயர்கள். 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் திருவிருந்து ஒழுங்கின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறவர்கள் குறைந்தது முந்தைய நாளாவது தங்கள் பெயரைக் குருவானவரிடம் தெரிவிக்க வேண்டும். இன்று அதை யாரும் பின்பற்றுவதில்லை. ஆனால் குருவானவர் தலைகளை எண்ணாமல் பெயர்களை அறிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஒரு வரியில் வெளிப்படுகிறது. இங்கிலாந்துத் திருச்சபையில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை சேகர வாக்காளர் பட்டியலை முழுவதுமாகக் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதுகிறார்கள். 2019-இலும் 2025-இலும் அப்படி நடந்தது. பழைய உறுப்பினரானாலும் மீண்டும் விண்ணப்பித்தாக வேண்டும். தொல்லையான ஏற்பாடுதான், ஆயினும் இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் பட்டியலில் 'உறுப்பினர்'களாக நீடிக்கும் மாயையை அது கலைத்துவிடுகிறது.

நாங்கள் செய்தது இதைவிட எளிது. உடைமாற்றும் அறையின் அலமாரியிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, கடந்த பதினைந்து ஆண்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஓர் அட்டையில் எழுதினோம். நீல மையில் தொடங்கி இடையில் கறுப்பாக மாறும் கையெழுத்து, ஒரு பக்கத்தில் மெழுகு சொட்டிய கறை, ஓர் ஓரத்தில் பென்சிலால் 'தாய் சுகவீனம், வீட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது' என்ற குறிப்பு. அறுபத்துச் சொச்சம் அட்டைகளை மேசைமேல் பரப்பிவிட்டு, இந்தப் பிள்ளைகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்குமேல் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இவர்களை வளர்ப்பதில் துணைநிற்போம் என்று எழுந்து நின்று வாக்குக் கொடுத்தது இதே சபைதான். அந்த மாலைக்குப் பின், புதுப்பித்தல் எதற்கு என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை.

ஒரே ஆண்டில் எல்லா வீடுகளையும் சந்திக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற குருவானவர் எண்ணூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கொண்ட சேகரத்தில் பணியாற்றினார். திங்களும் செவ்வாயும் முழுவதுமாக ஒதுக்கி, உதவி ஊழியரோடு சேர்ந்து வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்களைத் தனித்தனியே கண்டு ஞானோபதேசம் கற்பித்தார். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரம் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்குச் சரியாக வருகிறது. பிரசங்கத்தில் வருடக்கணக்காகக் கேட்டும் புரியாத ஒருவருக்கு, அரைமணி நேரம் நேருக்கு நேர் பேசியதில் புரிந்துவிடுகிறது என்பது அவருடைய அனுபவம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது எண்ணூறு என்ற எண்ணை அல்ல, இரண்டு நாள்களை அவர் காலண்டரில் பூட்டி வைத்ததை. நேரம் கிடைக்கும்போது சந்திப்போம் என்று விட்டால் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் தவிர வேறு எவரையும் சந்திக்க மாட்டோம். சுகமாக இருக்கும் குடும்பம் ஐந்து ஆண்டு ஆனாலும் குருவானவரைத் தன் வீட்டில் காணாது. உங்கள் சேகரத்தில் இருநூறு குடும்பங்கள் என்றால் வாரத்துக்கு நான்கு போதும். இரண்டு வார விடுமுறை போனாலும் ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

சந்திப்பில் என்ன செய்வது என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். உட்காருங்கள், கேளுங்கள், குடும்பத்தார் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள், அரைமணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். காணிக்கை உறையை அன்று கையில் எடுக்க வேண்டாம். ஒரே சந்திப்பில் ஜெபத்தையும் வசூலையும் சேர்த்தால், அடுத்த முறை கதவு திறப்பதற்குள் தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். நான் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

இவ்வளவையும் குருவானவர் ஒருவரே செய்ய வேண்டுமா?

வேண்டாம், செய்யவும் இயலாது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெறாதவர்கள் ஊழியம் செய்வது நேற்று வந்த புதுமையும் அல்ல. ஆராதனை வாசகர் என்ற பொறுப்பை இங்கிலாந்துத் திருச்சபை 1866-இல் மீண்டும் ஏற்படுத்தியது. வாசகர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வார்டன்கள் (ஆலய நிர்வாகப் பொறுப்பாளர்கள்) ஆகியோரை இருவர் இருவராகச் சந்திப்புக்கு அனுப்பலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: அனுப்பப்படுகிறவர்கள் ஞாயிறு ஆராதனையில் சபையின் முன்னால் நிறுத்தப்பட்டு, ஜெபத்தோடு அனுப்பப்பட வேண்டும். அப்போது வீட்டுக்காரருக்கும் அது கமிட்டி உறுப்பினரின் தனிப்பட்ட வருகையாகத் தோன்றாது.

ஜெபப் புத்தகம் பழையதாகிவிட்டதே, அதை ஒதுக்கினால்தானே புதுமை வரும்?

இளைஞர்கள் நேர்மையாகக் கேட்கும் கேள்வி இது. முதல் ஜெபப் புத்தகம் 1549-ஆம் ஆண்டு ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று இங்கிலாந்தின் ஆலயங்களில் நடைமுறைக்கு வந்தது. லத்தீன் போய், மக்கள் பேசும் மொழி வந்தது. மறுநாளே டெவன் பகுதியில் சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி என்ற ஊர்மக்கள் பழைய வழிபாடே வேண்டும் என்று குருவானவரை வற்புறுத்த, அது பெரும் கலகமாக மூண்டு இரத்தம் சிந்தலில் முடிந்தது. இன்று நாம் பழசு என்று அலுத்துக்கொள்ளும் புத்தகம், அன்று பொறுக்க முடியாத புதுமையாக இருந்தது.

அதைத் தொகுத்த தாமஸ் கிரான்மர் செய்த முக்கியமான வேலை ஒன்று உண்டு. மடங்களில் துறவிகள் பகலும் இரவுமாகப் பலமுறை கூடி ஓதிய ஜெபவேளைகளை அவர் காலை ஆராதனை, மாலை ஆராதனை என்ற இரண்டாகச் சுருக்கினார். வேலைக்குப் போகிற மனிதனும் பங்குபெறக்கூடிய அளவுக்கு அதைக் குறைத்தார். நூற்றைம்பது சங்கீதங்களும் முப்பது நாளுக்கு, காலை மாலை என அறுபது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. முப்பத்தோராம் நாள் உள்ள மாதத்தில் என்ன செய்வது என்றுகூட யோசித்து, முந்தைய நாளின் சங்கீதங்களையே மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 1662-ஆம் ஆண்டுப் புத்தகம், குருவானவர் ஒவ்வொரு நாளும் மணியடித்து, வந்தவர்களோடு ஜெபிக்க வேண்டும் என்கிறது. எத்தனை பேர் வர வேண்டும் என்று அது சொல்லவில்லை.

ஆகவே என் யோசனை: மொழியைப் புதுப்பியுங்கள், இசையைப் புதுப்பியுங்கள், புதிய ஆராதனை ஒழுங்குகளை உங்கள் திருச்சபை மாகாணம் (பல பேராயங்களின் தொகுதி) அனுமதிக்கும் அளவுக்குப் பயன்படுத்துங்கள். ஆனால் அன்றாட ஜெபத்தை ஆலயத்தில் மீண்டும் தொடங்குங்கள். முதல் மாதத்தில் மூன்று பேர்தான் வருவார்கள். சங்கீதங்கள் அந்த மூவரையும் மாதத்துக்கு ஒருமுறை புலம்பலிலிருந்து துதிவரை நடத்திச் செல்லும்.

திருவிருந்து வாரந்தோறும் நடக்க வேண்டுமா?

பல சேகரங்களில் இப்போது நடக்கிறது. ஜெபப் புத்தகம் கேட்கும் குறைந்தபட்சம், ஆண்டுக்கு மூன்று முறை, அதில் ஒன்று ஈஸ்டர். வாரந்தோறும் ஆக்குவதாக இருந்தால் முதலில் ஆயத்தத்தைப் பற்றிப் போதியுங்கள்.

லெந்து காலத்தில் என்ன செய்யலாம்?

திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரைப் பேராயர் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) வகுப்பைப் பெரியவர்களுக்கும் திறந்துவிடுங்கள். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை, ஞாயிறுகளை நீக்கினால் நாற்பது நாள்கள். பிள்ளைகள் பேராயரின் கைகள் தலைமேல் வைக்கப்படுவதற்காக விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைப் படிக்கும்போது, முப்பது ஆண்டுக்கு முன் அதே வகுப்பில் இருந்த பெற்றோர் பின்வரிசையில் உட்காரட்டும். ஈஸ்டருக்கு முந்தைய இரவு ஆராதனையில், அல்லது ஈஸ்டர் காலையில், முழுச் சபையும் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது அதற்குப் பொருள் இருக்கும். ஆண்டின் நடுநாயகம் இந்த ஒரு நிகழ்வுதான். வேறு எதற்கு நேரமில்லாவிட்டாலும் இதற்கு இருக்க வேண்டும்.

ஆவிக்குரிய வரங்கள், அந்நிய பாஷை (ஆவியானவரின் ஏவுதலால் அறியாத மொழியில் பேசுதல்) என்று பேச்செழுந்தால் சேகரம் பிளவுபடாதா?

பிளவுபட்டும் இருக்கிறது, பிழைத்தும் இருக்கிறது. 1960 ஏப்ரல் 3 அன்று கலிபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில், அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் குருவானவரான டென்னிஸ் பென்னட், தாம் ஆவியின் அபிஷேகம் பெற்றதைச் சபையின் முன் அறிவித்தார். அன்றே குழப்பம் வெடித்தது. அவர் அந்தச் சேகரத்தைவிட்டு விலகினார். பின்னர் சியாட்டிலில் மூடும் நிலையிலிருந்த ஒரு சிறு சேகரம் அவரிடம் ஒப்படைக்கப்பட, அது ஆயிரக்கணக்கானோர் தேடி வரும் இடமாயிற்று. அவருடைய அனுபவத்தை எப்படி மதிப்பிட்டாலும், இரண்டு சேகரங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைக் கவனிக்கலாம். முதலாவது வசதியாக இருந்தது, எதையும் இழக்க அதற்கு மனமில்லை. இரண்டாவதற்கு இழக்க ஏதுமில்லை.

நடைமுறையில், ஜெபக்குழு ஒன்று உருவானால் அதைத் தடுக்காதீர்கள். மறைவில் நடக்கவும் விடாதீர்கள். குருவானவர் அறிய, ஆலயத்துக்குள்ளேயே, எவரும் வரக்கூடிய நேரத்தில் நடக்கட்டும். மற்றவர்களைக் குறைந்த கிறிஸ்தவர்களாகப் பேசும் வழக்கம் தலைகாட்டிய நாளிலேயே அதைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள்.

கமிட்டியும் பணமும் இதில் எங்கே வருகின்றன?

தேவைக்கு அதிகமாகவே வருகின்றன. இங்கிலாந்தில் சேகர மன்றங்களுக்கு 1921-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரங்கள் பெரும்பாலும் கட்டடம், சொத்து, நிதி பற்றியவை என்றாலும், மன்றத்தின் முதற்பணி குருவானவரோடு இணைந்து திருச்சபையின் முழு ஊழியத்தையும் சேகரத்தில் வளர்ப்பது என்று பின்வந்த சட்டம் சொல்கிறது. நம் கமிட்டிகளிலும் இதே நிலைதான்: கூரைக் கசிவு ஒரு மணி நேரம், சுவிசேஷப் பணி ஏழு நிமிடம். எங்கள் கமிட்டியில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். ஊழிய அறிக்கையை நிகழ்ச்சி நிரலின் முதலிலும் கட்டட அறிக்கையைக் கடைசியிலும் வைத்தோம். கூரை அதனால் மோசமாகிவிடவில்லை.

ஊழியம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

உலக ஆங்கிலிக்கன் ஐக்கியம் வகுத்த ஊழியத்தின் ஐந்து அடையாளங்களை வைத்துப் பாருங்கள். ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம் 1984-இல் நான்கை வகுத்தது: நற்செய்தியை அறிவித்தல், புதிய விசுவாசிகளைக் கற்பித்து ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்தல், மனிதரின் தேவைக்கு அன்போடு பணிபுரிதல், அநீதியான அமைப்புகளை மாற்ற முயலுதல். படைப்பைப் பேணுதல் என்ற ஐந்தாவது 1990-இல் சேர்ந்தது. ஒவ்வொன்றின் கீழும் கடந்த ஆண்டு உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். எங்களுக்கு மூன்றாவது நிரம்பி வழிந்தது. நான்காவதில் எழுத ஒரு வரியும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு கமிட்டி சற்று நேரம் பேசாமல் இருந்ததுதான் அக்கூட்டத்தின் பயன்.

எதையாவது நிறுத்த வேண்டுமா?

கட்டாயம். ஒன்றைத் தொடங்கும்போது ஒன்றை நிறுத்தாவிட்டால் அதே பத்துப் பேர்தான் பதினோராவது வேலையையும் சுமப்பார்கள். நிறுத்தும்போது அதைத் தொடங்கியவர்களுக்கு ஞாயிறு ஆராதனையில் நன்றி சொல்லி நிறுத்துங்கள். அறிவிப்புப் பலகையிலிருந்து காகிதத்தைக் கிழித்து எடுத்து அல்ல.

ஆண்டின் நடுவில் குருவானவர் மாற்றலாகிப் போனால்?

வேலை தொடர வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானவர் இல்லாத இடைக்காலத்தில் சேகரத்தின் பொறுப்பு வார்டன்களின் கையில் வருகிறது. மற்ற மாகாணங்களில் பேராயர் ஒருவரைப் பொறுப்புக் குருவாக நியமிப்பார். சந்திப்பு அட்டைகளும், திடப்படுத்தல் வகுப்புப் பட்டியலும், நோயாளிகளின் பெயர்களும் குருவானவரின் தனி நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் அவரோடேயே போய்விடும். இரகசியமாகச் சொல்லப்பட்டவற்றை நீக்கி, மற்றவை சேகரத்தின் சொத்தாக ஆலயத்தில் இருக்கட்டும்.

பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

வருகைக் கணக்கு உதவும், ஆனால் கிறிஸ்துமஸ் ஞாயிறையும் திரித்துவத்துக்குப் பின்வரும் பதினெட்டாம் ஞாயிறையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எதுவும் தெரியாது. பதினெட்டாம் ஞாயிறை மட்டும் முந்தைய ஆண்டின் பதினெட்டாம் ஞாயிறோடு ஒப்பிடுங்கள். அதோடு சில எளிய கேள்விகள்: எத்தனை அட்டைகளுக்கு இப்போது பதில் தெரியும்? அன்றாட ஜெபம் குருவானவர் ஊரில் இல்லாத நாளிலும் நடந்ததா? சந்திப்புக்குப் போனவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் போகச் சம்மதிக்கிறார்கள்?

எங்கள் விடைகள் பெருமைப்படத்தக்கவை அல்ல. பதில் தெரியாத அட்டைகள் பதினொன்றாகக் குறைந்தன. மாலை ஜெபம் நின்றுபோனது; காலை ஜெபம் ஐந்தாறு பேரோடு நடக்கிறது.

ஆண்டு எந்த நாளில் முடிகிறது?

அட்வெந்துக்கு முந்தைய ஞாயிறன்று. பல மாகாணங்களில் அந்த நாளைக் கிறிஸ்து அரசர் திருநாளாக ஆசரிக்கிறார்கள். பழைய ஜெபப் புத்தகத்தில் அந்த ஞாயிறுக்குரிய ஜெபம், உம்முடைய ஜனங்களின் சித்தத்தைக் கிளறி எழுப்பும் என்று கர்த்தரிடம் கேட்பதோடு தொடங்குகிறது. எங்கள் சேகரத்தில் அன்று ஆராதனை முடிந்ததும் மீதமிருந்த பதினொரு அட்டைகளையும் வார்டன் பீடத்தின்மேலிருந்து எடுத்து, மறுவாரத்துக்கென்று புதிய உறையில் போட்டு வைத்தார்.